கேக்கில் வண்ணக் கோடு: கோம்பா, பைப்பிங்கா?

லேயர் கேக்கைச் சுற்றிப் பட்டர்கிரீமில் (வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துச் செய்யும் கிரீம்) வண்ணக் கோடு போட இரண்டு வழி பரவலாக வழக்கத்தில் இருக்கிறது. பைப்பிங் பேக்கில், அதாவது கிரீம் பிழியும் கூம்புப் பையில், ஒவ்வொரு நிறமாக நிரப்பி, வளையம் வளையமாகப் பிழிந்து, ஸ்கிரேப்பர் என்ற தட்டைத் தகட்டால் சமன் செய்வது ஒன்று. கோம்ப் என்ற, சீப்புபோல் பல் வைத்த தகட்டால் வெள்ளைக் கிரீமில் பள்ளம் இழுத்து, குளிரவைத்து, பள்ளத்தில் வேறு நிறத்தை நிரப்பிச் சீவுவது இன்னொன்று. இரண்டையும் பலமுறை செய்து பார்த்த பிறகு என் ஓட்டு கோம்புக்குத்தான்.

பைப்பிங்கில் வேலை சீக்கிரம் முடியும். பை நுனியில் மாட்டும் நாசில்கூட வேண்டாம், பேக்கின் நுனியை ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டினால் போதும். ஆனால் எல்லா நிறமும் ஒரே பதத்தில் மெத்தென்று இருப்பதால், ஸ்கிரேப்பரை அழுத்தியதும் கிரீம் மேலும் கீழும் பிதுங்கி, கோட்டின் விளிம்பு அலை அலையாகிவிடும். செங்குத்துக் கோடு என்றால் இன்னும் மோசம். ஒரு நிறம் அடுத்ததன் மேல் இழுபட்டுக் கலங்கிவிடும்.

கோம்ப் முறையில் கோடு கூர்மையாக வருவதற்குக் காரணம் குளிர்தான். அடிப்பூச்சு கல் மாதிரி இறுகியிருக்க, நிரப்பும் கிரீம் மட்டும் இளக்கமாக இருப்பதால் ஒன்றோடொன்று கலக்காது. அடிப்பூச்சு ஒரு செ.மீ. கனமாவது இருக்கட்டும், மெலிந்தால் பல் ஸ்பாஞ்சைத் தொட்டுத் தூளைக் கிளப்பிவிடும். கோம்பின் அடி, கேக்கை வைத்துச் சுற்றும் டர்ன்டேபிளில் பதிந்தே நகரவேண்டும், இல்லாவிட்டால் பள்ளம் தொடங்கிய இடத்தில் வந்து சேராது. பிறகு பிரீசரில் 20 நிமிடம். விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது.

நிறக் கிரீமைப் பள்ளம் வழியப் பிழிந்து முதல் சுற்று சீவும்போது கேக் முழுக்க அப்பிக்கொண்டு, பார்க்கவே பயமாக இருக்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்கிரேப்பரைத் துடைத்துவிட்டுச் சீவிக்கொண்டே போனால், ஆறேழு சுற்றில் வெள்ளை மெல்ல வெளியே வரும். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நிற்கும். இந்த ஒரு நொடிக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

எந்தப் பட்டர்கிரீம் என்பதும் முக்கியம். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அடித்துச் செய்யும் சுவிஸ் வகை, குளிரில் நன்றாக இறுகி வழவழவென்று சீவவரும். முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பங்கு வெண்ணெய்க்கு இரண்டு பங்கு ஐசிங் சுகர் போடும் அமெரிக்கன் வகை. கோடு வரும், ஆனால் காற்றுக்குமிழ் ஓட்டைகள் தெரியும். பேக்கரி விப்பிங் கிரீம் பிரிட்ஜில் இறுகாது, கோம்ப் முறைக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

நிறத்தில் கவனிக்க வேண்டியது வெண்ணெயின் மஞ்சள். அதில் நீலம் விட்டால் பச்சை அடிக்கும். வெண்ணெயை எட்டுப் பத்து நிமிடம் அடித்து வெளுக்கவைத்து, ஊசிமுனை அளவு ஊதா ஜெல் கலர் சேர்த்தால் மஞ்சள் அடங்கும். அடர் சிவப்பை முந்தின நாளே கலந்து வைத்தால் தானாக நிறம் ஏறும், கலரைக் கொட்ட வேண்டியதில்லை.

அக்கா மகள் பிறந்தநாளுக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்டிருந்தேன். மே மாதம். பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் கேக் வியர்த்து, சிவப்பு வெள்ளையின் மேல் கோடாக வழிந்தது. குழந்தையின் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் மூடிய அட்டைப்பெட்டியோடு வெளியே எடுத்து, குளிர் குறையும்வரை திறப்பதில்லை. ஈரம் பெட்டியின் மேலேயே நின்றுவிடுகிறது.

பைப்பிங்கை நான் விட்டுவிடவில்லை. ஒரே நிறம் அடர்த்தியிலிருந்து வெளிர் வரை படிப்படியாக இறங்க வேண்டும் என்று கேட்டால், விளிம்பு கலப்பதுதான் அழகு. அதற்குக் கோம்பைத் தொடவே மாட்டேன்.