ரெகுலர் காலேஜா, ஆன்லைன் டிகிரியா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுகிறது. பக்கத்து ஊர் காலேஜில் சேர்வதா, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். என்ற நான்கு வருஷப் பட்டப்படிப்பில் சேர்வதா? முன்பெல்லாம் வீட்டிலிருந்து படிப்பது என்றால் கரஸ், அதாவது அஞ்சல்வழிக் கல்விதான். ரெகுலரில் இடம் கிடைக்காதவர்கள் போகும் வழி என்றே ஊர் அதைப் பார்த்தது. 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை ஆன்லைனில் தொடங்கியதும் அந்தப் பார்வை மாறிவிட்டது. அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டமும் சமம் என்று 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் அறிவித்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படிக்கப் போகும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ரெகுலர்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஆன்லைன் அருமையான வாய்ப்பு.

பாடம் நடத்தும் விதத்தை மட்டும் பார்த்தால் ஆன்லைன்தான் மேல். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த மாணவர் ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பில் முதல் செமஸ்டர் முழுக்கத் திணறுவார். கையைத் தூக்கி டவுட் கேட்கக் கூச்சம். ஆன்லைனில் வீடியோவை நிறுத்தலாம், அதே இடத்தை மறுபடி கேட்கலாம், யாரும் சிரிக்கப்போவதில்லை. பல காலேஜ்களில் கிடைக்காத தரமான ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் படிப்புக்கான சேர்க்கையும் நியாயமானது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை. கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கணினிச் சிந்தனை என்று நான்கு பாடங்களை நான்கு வாரம் படித்து, வாராந்திர அசைன்மென்ட்களை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். இந்தத் தேர்வையும் பின்னால் வரும் தேர்வுகளையும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அதனால்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு.

பணம் என்று வந்தால் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆன்லைன் என்பதால் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். நான்கு வருஷப் பி.எஸ். முழுவதும் முடிக்க மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகவும் குறைவு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் கிடைக்கிறது. ஏழை வீட்டுக்கு அந்தத் தொகை பெரிய விஷயம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று: பிள்ளை பின்தங்கும்போது என்ன நடக்கிறது? காலேஜில் ஒருவர் மூன்று நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள். 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்ற பயம் இருக்கும். பக்கத்து பெஞ்ச் நண்பன் நோட்டைத் தருவான். அரியர் விழுந்தால் எந்தக் கேள்விகள் அடிக்கடி வரும் என்று சீனியர் அக்கா சொல்லிக்கொடுப்பார். ஆன்லைனில் அசைன்மென்ட் தேதி சத்தமில்லாமல் போய்விடும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரப் பாடம் புரியாது, அப்புறம் லாகின் செய்யவே மனம் வராது. மாணவர் நின்றுவிட்டது வீட்டுக்குத் தெரியவே மாதங்கள் ஆகும். படித்த அப்பா அம்மா இருக்கும் வீட்டில் இதை யாராவது கவனித்துவிடுவார்கள். படிக்காத பெற்றோருக்குப் பிள்ளை போனைப் பார்ப்பதற்கும் பாடம் படிப்பதற்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

கொரோனா காலத்தில் இதைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தோம். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகக் கொடுத்தது. டேட்டா கிடைத்தது, ஆனால் அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே போன் இருந்த வீடுகளில் யார் வகுப்பைக் கவனிப்பது? உட்காரத் தனி இடம் எங்கே? பெண் பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். வீட்டில் இருக்கிறாள் என்றாலே வேலை சொல்லிவிடுவார்கள். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டால் சாயங்காலம் வரை உள்ள நேரம் அவளுடையது. அதற்காகவே மகளைக் காலேஜுக்கு அனுப்புங்கள் என்பேன்.

அதே ஆன்லைன்தான் கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவாகவும் இருக்கலாம். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் இளைஞருக்கும் அப்படித்தான். ஐ.ஐ.டி. படிப்பில் பாதியில் நிறுத்தினாலும், அதுவரை முடித்த நிலைக்கு ஏற்பச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி. என்று ஏதாவது ஒன்று கையில் கிடைக்கும். ரெகுலரில் இரண்டாம் வருஷம் நின்றுபோன எத்தனையோ பேர் வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

லேப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேதியியலையும் நர்சிங்கையும் திரையில் பார்த்துக் கற்க முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யே 2023-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் ஆன்லைன் படிப்பில் லேப் பாடங்களுக்கு மாணவர்களை வளாகத்துக்கு வரவழைக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது இல்லை. ஒரு பட்டத்தை ரெகுலராகவும் இன்னொன்றை ஆன்லைனிலும் ஒரே நேரத்தில் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. இரண்டு பட்டம் பாரமாகத் தெரிந்தால், ரெகுலர் காலேஜில் சேர்ந்துகொண்டு ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் செமஸ்டருக்கு ஒரு பாடம் எடுங்கள். படிக்கக் காசு வேண்டாம், தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். சில பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. அந்த மதிப்பெண்ணை உங்கள் காலேஜ் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேரும் புள்ளியாக, ஏற்குமா என்று சேரும்போதே ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.