சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பிரிக்காத ஓர் இதழ்க் கட்டு

பினாங்கு சௌரஸ்தா மார்க்கெட்டின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பாடநூல்களும் நாவல்களும் அங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். பழைய ஆங்கில வார இதழ்களைத் தேதி வரிசை குலையாமல் சணல் கயிற்றால் கட்டி வைத்திருப்பதை நான் இந்த ஒரு கடையில்தான் கண்டேன். அமெரிக்காவின் ‘லைஃப்’ இதழில் 1941 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வெளிவந்தவற்றில் 22 பிரதிகள் கொண்ட ஒரு கட்டை 260 மலேசிய வெள்ளிக்கு வாங்கினேன்.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பிரதிதான். அமெரிக்கா ஒதுங்கி நிற்பதை விட்டு உலகத் தலைமையை ஏற்க வேண்டுமென்று ‘லைஃப்’ இதழின் நிறுவனர் ஹென்றி லூஸ் ‘அமெரிக்க நூற்றாண்டு’ என்ற கட்டுரையில் வாதிட்ட பிப்ரவரி 17 இதழ் அது. கடைக்காரப் பெரியவர் தனியாகத் தர மறுத்துவிட்டார். “மெதுவா உட்கார்ந்து பாருங்கம்மா, கட்டை மட்டும் பிரிக்கச் சொல்லாதீங்க” என்றார். அன்று எனக்கு வருத்தம்தான். மூன்று வாரம் படித்த பிறகு, அந்தப் பிடிவாதமே இந்தக் கடையின் பெருஞ்சிறப்பு என்று சொல்வேன்.

இரண்டாம் உலகப் போரில் இறங்குவதா வேண்டாமா என்று அந்த ஆண்டில் அமெரிக்கர்கள் எப்படி மோதிக்கொண்டார்கள் என்பதை வரலாற்று நூல்களே சொல்லிவிடும். மார்ச் 11 அன்று, பிரிட்டனுக்கு ஆயுதம் வழங்க வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். 1927-இல் அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பெர்க், ‘அமெரிக்கா முதலில்’ குழுவின் மேடைகளில் போர் வேண்டாமென்று பேசினார். ஆகஸ்ட் 12 அன்று கட்டாயப் படைச்சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா, பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே வாக்கில் தப்பிப் பிழைத்தது. ஆனால் நூலைப் படிக்கும் நமக்குப் பேர்ல் துறைமுகத்தின் மீது ஜப்பானின் தாக்குதல் வரப்போவது முன்பே தெரியும். வாரம் வாரமாக இதழைப் புரட்டும்போதோ, அதை அறியாத மக்களின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். குண்டுவீச்சுப் படங்களைத் தாண்டினால் புதிய காரும் சிகரெட்டும் வழவழப்பான தாளில் மின்னுகின்றன. அந்த விளம்பரங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான், போருக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்த சமூகம் தன் வசதிகளை எவ்வளவு நேசித்தது என்பது புலப்படுகிறது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு கடையில், விளம்பரப் பக்கங்களை வெட்டிச் சட்டம் போட்டு விற்றுவிட்டு, எஞ்சியதை உறையிலிட்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். வெட்டியெடுத்த ஒவ்வொரு விளம்பரத்தின் பின்பக்கத்தோடும் ஒரு கட்டுரையின் பாதி போயிருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கம்பிப் பின்கள் துருவேறி நடுப்பக்கங்களில் பழுப்புக் கறை இறங்கியிருக்கிறது. ஜூன் இதழ் ஒன்றின் ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. பிளாஸ்டிக் உறை நம் ஊர் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைப்பதால், வாங்கியவுடன் உறையை நீக்கிவிடுவது நல்லது.

கட்டு செப்டம்பர் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறது. செப்டம்பர் 11 அன்று டெ மோய்ன் நகரில், நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் பிரிட்டிஷாரும் யூதர்களும் ரூஸ்வெல்ட் அரசும்தான் என்று லிண்ட்பெர்க் பேசி, நியாயமான கேள்விகளோடு நின்றவர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுத்ததை இதில் படிக்க முடியாது. டிசம்பர் 8 அன்று பிரதிநிதிகள் சபை 388-க்கு 1 என்று போருக்கு ஒப்பியதும், முதல் உலகப் போரில் இறங்குவதை 1917-இல் மறுத்ததைப் போலவே சபை உறுப்பினர் ஜெனட் ராங்கின் அன்றும் மறுத்ததும் இதில் இல்லை. அதற்கு மூன்று நாள் கழித்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. என் பாட்டி எதிரே உள்ள பட்டர்வொர்த் கரையில் நின்று அந்தப் புகையைப் பார்த்தவர்.

நான் போன அன்று 1940-ஆம் ஆண்டு இதழ்களும் இரண்டு கட்டுகள் கீழ்த்தட்டில் இருந்தன. கண்ணில் படாத இடம். கேட்டால் பெரியவர் எடுத்துத் தருவார், முழுக் கட்டாக மட்டும்.