கூலர் லொறியில் டிபிஎஃப்: வாழைச்சேனையிலிருந்து ஒரு நீண்டகாலப் பாவனை அனுபவம்

மீன் ஏற்றுகிற கூலர் லொறிக்கு டிபிஎஃப் (டீசல் புகையில் உள்ள கரியைப் பிடிக்கிற பில்டர்) ஒத்துவராது, வாங்கின கையோடு உள்ளே இருப்பதை உடைத்து எறி என்று வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் உடைக்கவில்லை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 3 லீற்றர் எஞ்சின் லொறி என்னுடையது. வரும்போது இருந்த அதே பில்டரோடு வருடக்கணக்காகக் கொழும்புக்கு மீன் கொண்டுபோகிறேன். எங்கள் பக்கம் இந்தச் சாமானைப் பற்றி இருக்கிற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. கரி வேறு, சாம்பல் வேறு என்பது விளங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இசுசுக்காரர் இதை டிபிடி என்பார்கள், ஹினோக்காரர் டிபிஆர் என்பார்கள், கராஜில் எல்லாமே டிபிஎஃப்தான். சைலென்சர் வரிசையில் இருக்கிற அந்தத் தடித்த பெட்டிக்குள் ஒரு செரமிக் கட்டி இருக்கும். அதில் நீளவாக்கில் மெல்லிய சதுரத் துவாரங்கள். ஒரு துவாரத்துக்கு முன்வாய் அடைத்திருந்தால் பக்கத்துத் துவாரத்துக்குப் பின்வாய் அடைத்திருக்கும். அதனால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியே போக வேண்டும், கரி உள்ளே நின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள பில்டர் கரித்துகளில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும்.

பிடித்த கரி அங்கேயே எரிய வேண்டும். நெடுந்தூரம் பாரத்தோடு ஓடும்போது புகை நன்றாகச் சூடேறும். முன்னால் இருக்கிற கற்றலிஸ்ட் (புகையில் இரசாயன மாற்றத்தைத் தூண்டுகிற பூச்சுள்ள பகுதி) உண்டாக்குகிற நைதரசன் டைஒக்சைட், 250, 300 பாகை தாண்டிய சூட்டில் கரியைச் சிறுகச் சிறுக எரித்துக்கொண்டே வரும். அது போதாவிட்டால் எஞ்சின் கம்பியூட்டர் கொஞ்சம் மேலதிக டீசலை விட்டு, சூட்டை 600 பாகை அளவுக்கு ஏற்றி ஒரேயடியாக எரிக்கும். இதைத்தான் ரீஜென் என்கிறோம். சாம்பல் கதை வேறு. அது டீசலிலிருந்து வருவதைவிட எஞ்சின் ஒயிலிலிருந்து வருவதுதான் கூட. ஒயிலில் கலந்திருக்கிற கல்சியம், சிங்க், பொஸ்பரஸ் எல்லாம் எந்தச் சூட்டிலும் எரிந்து போகாது. அடுப்பு எவ்வளவு நன்றாக எரிந்தாலும் சாம்பலை அள்ளத்தானே வேண்டும், அப்படித்தான் இதுவும்.

இனி கூலர் லொறிக்காரருக்கே உரிய தலையிடிக்கு வருகிறேன். என் லொறியில் கூலர் கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிறது. படகு வரப் பிந்தினால் பெட்டியைக் குளிராக வைத்திருக்க எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே நிற்பதுதான் துறைமுக வழக்கம். ஐடிலில் புகை சூடேறாது. கரி மட்டும் சேரும். பில்டரைக் கெடுப்பது கொழும்பு ஓட்டம் அல்ல, ஓடாமல் நிற்கிற இந்த நேரம்தான். நான் இப்போது பெட்டிக்குள் முதலில் ஐஸ் போட்டுக் குளிரை இறக்கிவிடுவேன், மீன் ஏற்றத் தொடங்கும்போதுதான் எஞ்சினைப் போடுவேன். கரண்டில் ஓடுகிற ஸ்டான்ட்பை மோட்டர் உள்ள கூலர் கிடைத்தால் இன்னும் நல்லது, விலை கூட என்றாலும் பெறுமதியானது. 2022 டீசல் வரிசைக் காலத்தில் எத்தனையோ லொறிகளில் பில்டர் அடைப்பைக் காட்டுகிற டாஷ்போர்ட் லைட் எரிந்ததற்கும் இதுதான் காரணம். ஸ்டார்ட் பண்ணுவது, நாலு முழம் நகர்வது, நிறுத்துவது என்று ஒரு நாள் முழுக்கப் போனால் எந்தப் பில்டர்தான் தாங்கும்?

ஓட்டமாவடிப் பாலம் தாண்டி, புணானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை என்று போகிற இரவு ஓட்டம் இதற்கு மருந்து. பாரத்தோடு ஒரே வேகத்தில் போகும்போது லொறி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது ஐடில் வழமையைவிடக் கொஞ்சம் ஏறி நின்றால், சூட்டு வாடையும் வந்தால், ரீஜென் இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாறு கிலோமீற்றர் மேலதிகமாக ஓடிவிட்டு அடுத்த கடையில் குடிக்கலாம்.

அப்படியும் முடியாத நேரத்தில் லைட் மினுங்கத் தொடங்கும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹான்ட் பிரேக் போட்டு, ரீஜென் சுவிட்சை அழுத்தினால் எஞ்சின் தானாக ஏறி ஓடி எரிக்கும். கால்மணி, அரைமணி பிடிக்கும். எங்கே நிறுத்துகிறோம் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. சின்னப்போக வெட்டுக் காலத்தில் புணானை தாண்டி ஒரு முறை லைட் மினுங்கியது. ரோட்டு ஓரமெல்லாம் வைக்கோலும் காய்ந்த புல்லும், கச்சான் காற்று வேறு. அங்கே நிறுத்தாமல் மெதுவாகப் போய், பூட்டிக் கிடந்த ஒரு கடை முன்னாலிருந்த கொங்கிரீட் தரையில் நிறுத்திச் சுவிட்சைப் போட்டேன். கிளீனர் பொடியன் ஒரு வாளித் தண்ணியோடு பின்னால் நின்றான். சைலென்சர் வாய்க்குப் பின்னால் இருந்த காற்றே நெளிந்தது. அவன் ஒரு வைக்கோல் துரும்பைத் தடியில் குத்தி நீட்டிப் பார்த்தான், அது கருகிச் சுருண்டது. அதற்குப் பிறகு அவனுக்கு நான் எச்சரிக்கை சொல்லத் தேவையிருக்கவில்லை.

மினுங்குகிற லைட்டைப் பார்த்தும் பாராமல் ஓடினால் செக் எஞ்சின் எரியும், இழுவை குறையும். அந்தக் கட்டத்தில் சுவிட்சை அழுத்தி அழுத்தி வலுக்கட்டாயமாக எரிக்கப் பார்க்காதீர்கள். அளவுக்கு மேல் சேர்ந்த கரி ஒன்றாகப் பற்றினால் செரமிக் வெடிக்கும், உருகவும் செய்யும். ஸ்கேன் போட்டுப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

ஒயிலில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பதுதான் இந்தப் பில்டருக்கு வைக்கிற கொள்ளி. கலனில் டிஎச்-2 என்ற ஒயில் தரக் குறியீடு இருக்க வேண்டும். எரிந்தபின் மிஞ்சும் சாம்பல் அதில் சுமார் 1 சதவீத அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். அது இல்லையென்றால் சிஜே-4 அல்லது சிகே-4, அதுவும் உங்கள் லொறிப் புத்தகம் அனுமதித்தால். பழைய சிஐ-4 ஒயில் நல்ல ஒயில்தான், ஆனால் டிபிஎஃப் லொறிக்கு உரியதல்ல. ஒயில் ஸ்டிக்கையும் பாருங்கள். ரீஜென் அடிக்கடி பாதியில் நின்றால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். மட்டம் இறங்குவதற்குப் பதிலாக ஏறும். ஏறின ஒயிலை உடனே மாற்றுங்கள், பெயாரிங்கைத் தின்றுவிடும். டீசலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஜப்பானில் 2007 இலிருந்து டீசலில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள். இந்தப் பில்டர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை. கந்தகம் கூடினால் கற்றலிஸ்ட் மந்தமாகிவிடும். அதனால் முடிந்த அளவுக்கு, கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் அடிக்கிறேன்.

இப்போது சுத்தம் செய்வது. பில்டரில் சாம்பல் நிறைவதற்கு ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அதற்கு முன்னாலேயே அடிக்கடி அடைக்கிறதென்றால் பிழை பில்டரில் இல்லை. இன்ஜெக்டர் ஒழுகும், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி விடுகிற இஜிஆர் வால்வு கரிபிடித்திருக்கும், டர்போ சீல் ஒயில் விடும். இல்லாவிட்டால் அழுத்தம் பார்க்கிற சென்சருக்குப் போகிற இரண்டு சின்னக் குழாயில் ஒன்று அடைத்தோ வெடித்தோ இருக்கும். அந்தக் குழாய்க்குள் இருக்கிற கரிக்காக முழுப் பில்டரையும் கழற்றின ஆட்களை எனக்குத் தெரியும்.

என் லொறிக்கு உண்மையிலேயே சாம்பல்தான் நிறைந்திருந்தது. ரீஜென் முடிந்த கையோடு ஸ்கேனில் பார்த்தால்கூட முன் பின் அழுத்த வித்தியாசம் இறங்கவில்லை. ஓட்டமாவடியில் நான் வழமையாகப் போகிற மெக்கானிக்கிடம் கேட்டேன், “காக்கா, கெமிக்கல் ஏதும் அடிச்சா சரிவருமா?”

“தம்பி, அது கரிக்கு. சாம்பலுக்கு மருந்து இல்ல, கழட்டித்தான் எடுக்கணும்.”

மாரியில், கடல் கொந்தளிப்பாகி ஓட்டம் குறைந்திருந்த நாட்களில் கழற்றினோம். மீன் தண்ணி உப்பு இறங்கி கிளாம்ப் போல்ட் எல்லாம் துரு. முதல் நாள் இரவே துரு இளக்குகிற ஒயில் அடித்து ஊறவிட்டார், அதனால் ஒன்றும் உடையவில்லை. பில்டரை வெளியே எடுத்ததும் அவர் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பக்கத்து வாடியில் இருந்து மீன் நிறுக்கிற தராசை வாங்கிவந்து பில்டரை நிறுத்து, அந்தக் கணக்கைச் சோக்கட்டியால் சுவரில் எழுதினார். பிறகு கொழும்பில் இதற்கென்று சூளை வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பினோம். அங்கே மெதுவாகச் சூடேற்றி மணிக்கணக்கில் 600 பாகைக்கு அண்மையில் வைத்து மிச்சக் கரியை எரித்து, மெதுவாக ஆறவிட்டு, வெளிவாய்ப் பக்கத்தாலே காற்றடித்துச் சாம்பலைத் தள்ளுவார்கள். திரும்பி வந்ததும் அதே தராசில் வைத்தார். எடை நன்றாகவே இறங்கியிருந்தது. சுத்தம் செய்தோம் என்று வாயால் சொல்வதை நான் நம்புவதில்லை. முன்னும் பின்னும் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டோம் என்கிற இடத்தில் கொடுக்க வேண்டாம்.

பூட்டும்போது கேஸ்கெட் புதிது, பெட்டியில் உள்ள அம்புக்குறி புகை போகிற பக்கம். அதோடு முடிந்ததென்று நினைக்காதீர்கள். ஸ்கேன் கருவியால் கம்பியூட்டரில் இருக்கிற பழைய கணக்கை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பில்டர் இன்னும் நிறைந்திருக்கிறது என்றே நினைத்து ரீஜென் கேட்டுக்கொண்டிருக்கும்.

சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னால் கழுவுவது மலிவு. அப்படிக் கழுவின கூட்டாளி ஒருவரின் பில்டர் கொஞ்ச நாளில் போய்விட்டது. முன்வாயால் அடித்த தண்ணி சாம்பலை அடைபட்ட முனைக்குள் தள்ளி இறுக்கிவிட்டது, செரமிக்கைச் சுற்றியிருந்த பஞ்சுப்பட்டையும் பிய்ந்துவிட்டது. அசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. கற்றலிஸ்ட் பூச்சு அதோடு சரி. தண்ணியால் சுத்தம் செய்கிற முறையும் இருக்கிறது. ஆனால் அது எதிர்ப்பக்கத்தால், அழுத்தம் பார்த்து, அதற்குரிய மெஷினில் செய்து முழுக்க உலர்த்துவது. உங்கள் பில்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க செலவில்லாத வழி ஒன்று: எஞ்சின் ஆறினபின் சைலென்சர் வாய்க்குள் வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கரி படிந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது.

உள்ளே இருப்பதை உடைத்து எடுத்து, கம்பியூட்டரை ஏமாற்றிக் கொடுக்கிற வேலை எங்கள் பக்கம் தாராளமாக நடக்கிறது. இழுவை கூடும், டீசல் மிச்சம் என்பார்கள். சுத்தமாக இருக்கிற பில்டரோடு எனக்கு இழுவையில் ஒரு குறையும் இல்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஜூனில் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. 2003 ஒக்டோபரில் டோக்கியோவும் அயல் மாகாணங்களும் துகள் அளவைத் தாண்டுகிற டீசல் லொறிகளை உள்ளே ஓடவிடாமல் தடுத்தன. அங்கே மக்கள் சுவாசிக்கக் கூடாதென்று பூட்டின சாமானை இங்கே கொண்டுவந்து உடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிற பொடியன்கள் சைலென்சர் வாயை ஒட்டித்தான் நிற்கிறார்கள். விடியும்வரை அந்தப் புகைதான் அவர்களுக்கு மூச்சு. என் லொறிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அது வேண்டாம்.

2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்தபின் லொறி தேடுகிறவர்கள் என்னிடம் கேட்பது மைலேஜ் கணக்கைத்தான். மீற்றரைத் திருப்பலாம். நீங்கள் ஸ்கேன் ஆளோடு போய், சூடான எஞ்சினில் அழுத்த வித்தியாசத்தையும், கடைசி ரீஜென்னுக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வெள்ளைத் துணியால் சைலென்சர் வாயைத் துடையுங்கள். பிறகு ரோர்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்து, பில்டர் பெட்டியைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கம்பனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும். மேல்பக்கத்தில், கண்ணுக்கு மறைவாக, கரடுமுரடான இன்னொரு வெல்டிங் கையில் தட்டுப்பட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த லொறிக்கு விலை பேச வேண்டாம்.