30, 40, 60, 120: கேமில் ஃபிரேம் ரேட் எவ்வளவு முக்கியம்?

பிளேஸ்டேஷன் 5இல் பெரிய கேம் ஒன்றைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போனால் பெரும்பாலும் இந்தக் கேள்வி இருக்கும்: படம் துல்லியமாக வேண்டுமா, ஓட்டம் வேகமாக வேண்டுமா? முதலாவதை எடுத்தால் 4கே படம், விநாடிக்கு 30 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்). இரண்டாவதை எடுத்தால் படத்தின் கூர்மை குறையும், ஆனால் 60 ஃபிரேம் வரும். 2024 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகப்படுத்திப் பேசிய அதன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வேகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றார்.

நானும் அந்த முக்கால்வாசியில் ஒருவன். அதற்காக மற்றவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த கேம், எந்தத் திரை, எப்படி ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து சரியான பதில் மாறுகிறது.

30 எதிர் 60

2022இல் வந்த 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கேமை எடுத்துக்கொள்வோம். வெளியான புதிதில் அதன் 30 ஃபிரேம் மோடில் காடு இலை இலையாகத் தெரியும். 60க்கு மாற்றினால் புல்லும் தலைமுடியும் மினுமினுக்கும், படம் முழுக்க லேசாக மங்கிப்போகும். நிறையப் பேர் அதைச் சுட்டிக்காட்டினார்கள். பிறகு வந்த பேட்ச்கள், அதாவது திருத்தங்கள், அதைப் பெரிதும் சரிசெய்தன. அந்த முதல் சில வாரங்களில் 30ஐ எடுத்தவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது.

ஆனாலும் நான் 60இல்தான் ஆடினேன். காரணம் வில். அந்த கேமில் இயந்திர மிருகங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றின் உடம்பில் பொருத்தியிருக்கும் ஆயுதத்தையோ எரிபொருள் கலனையோ குறிபார்த்து அம்பு விட்டுப் பெயர்த்தெடுக்க வேண்டும். 30இல் குறி எப்போதும் கொஞ்சம் பிந்தியே வருவதாகத் தோன்றும். விரல் நகர்ந்த பிறகுதான் திரை நகரும். 60இல் அந்த இடைவெளி பாதியாகக் குறைகிறது.

என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது எதுவும் சொல்லாமல் அவனிடம் 30 மோடில் கொடுத்தேன். சந்தோஷமாக ஆடினான். ஒரு குறையும் சொல்லவில்லை. மறுநாள் 60இல் ஒரு மணி நேரம் ஆடவிட்டு, அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் 30க்கு மாற்றி வைத்தேன். வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "மாமா, கன்ட்ரோலர்ல சார்ஜ் கம்மியா? ஏதோ இழுக்குதே" என்றான். அவன் சந்தேகப்பட்டது படத்தை அல்ல, கையில் இருந்த கருவியை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

ஃபிரேம் ரேட் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். மனிதக் கண்ணால் இத்தனை ஃபிரேமுக்கு மேல் பார்க்க முடியுமா என்று பலரும் வாதாடுகிறார்கள். வித்தியாசம் முதலில் தெரிவது கைக்கு. சினிமா 24 ஃபிரேமில் ஓடியும் நமக்கு உறுத்தாததற்குக் காரணமும் இதில் இருக்கிறது. கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் சிறிது நேரம் திறந்திருப்பதால் அசைவு லேசாகக் கரைந்து பதிவாகிறது, கண் அதைத் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்கிறது. அதைவிட முக்கியம், தியேட்டரில் நம் கையில் எதுவும் இல்லை. திரை நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே அங்கே இல்லை.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 30இல் ஒரு ஃபிரேம் 33.3 மில்லிவிநாடி திரையில் நிற்கிறது, 60இல் 16.7. பட்டனை அழுத்தியதை கேம் வாங்கி, கணக்குப் போட்டு, வரைந்து, திரைக்கு அனுப்ப மூன்று ஃபிரேம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 30இல் அது 100 மில்லிவிநாடி, 60இல் 50. விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதத்தை எந்தக் கையும் உணரும்.

'பால்டர்ஸ் கேட் 3' மாதிரி முறை வைத்து ஆடும் கேம்களில் இந்தக் கணக்குக்கு வேலை குறைவு. அங்கே 30இல் கிராஃபிக்ஸை ஏற்றி வைத்து ஆடுவது நல்ல முடிவுதான். 1998இல் வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' நின்டெண்டோ 64இல் விநாடிக்கு 20 ஃபிரேமில்தான் ஓடியது. அதை ஆடி வளர்ந்தவர்கள் இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். குறைந்த ஃபிரேமில் நல்ல கேமே இருக்க முடியாது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

கவனிக்கப்படாத 40

30க்கும் 60க்கும் நடு எது என்று கேட்டால் 45 என்று சொல்லத் தோன்றும். நேரத்தில் பார்த்தால் நடு 40தான். 33.3க்கும் 16.7க்கும் சரிபாதி 25 மில்லிவிநாடி. 40இல் ஒரு ஃபிரேம் நிற்கும் நேரம் சரியாக அதுவே. பத்தே ஃபிரேம் கூட்டி, 60க்குப் போகும் தூரத்தில் பாதியைக் கடந்துவிடலாம். படத்தின் அழகையும் பெரிதாக இழக்க வேண்டியதில்லை.

2021இல் 'ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' கேமுக்கு இன்சோம்னியாக் நிறுவனம் இப்படி ஒரு மோடைக் கொடுத்தபோது நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆடிப் பார்த்ததும் எண்ணம் மாறியது. 30இன் இழுவை போய்விட்டது, படம் அப்படியே இருந்தது. ஹொரைசனுக்கும் பிறகு இதே வசதி வந்தது. நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் கேம்களில் 40 இருந்தால் இன்று நான் 60ஐக்கூடத் தொடுவதில்லை.

ஆனால் இதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவி, அதாவது விநாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் டிவி வேண்டும். 120ஐ 40ஆல் வகுத்தால் 3, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக மூன்று முறை காட்டப்படும். 60 ஹெர்ட்ஸ் டிவியில் 40 சரியாக வகுபடாது. ஒரு ஃபிரேம் ஒருமுறையும் அடுத்தது இருமுறையுமாக நின்று படம் தள்ளாடும். ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியின் எல்சிடி மாடலில் திரையையே 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவைக்கலாம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

சராசரி ஏமாற்றும்

ஒரு ஊருக்கு மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. மூன்று பஸ் ஒன்றாக வந்துவிட்டு அப்புறம் அரை மணி நேரம் ஒன்றுமே வராவிட்டால், கணக்கில் அதே ஆறுதான், நிற்பவர் பாடு வேறு. ஃபிரேமும் அப்படித்தான். சராசரி 60 என்று காட்டும் கேமில் நடுவே ஒரு ஃபிரேம் மட்டும் 100 மில்லிவிநாடி நின்றால், கைக்கு நினைவிருப்பது அந்த ஒன்று.

2015இல் வந்த 'பிளட்போர்ன்' எனக்கு மிகவும் பிடித்த கேம். அது 30இல் ஓடுவதைவிட, அந்த 30 சீராக வராததுதான் எனக்கு வருத்தம். ஒரு ஃபிரேம் சீக்கிரம் வரும், அடுத்தது பிந்தும். எண் 30 என்றே காட்டும், நடை மட்டும் நொண்டும். பிளேஸ்டேஷன் 5இல் போட்டு ஆடினாலும் அதே 30தான். இதைப் பார்த்த பிறகு, 45க்கும் 60க்கும் இடையே ஊசலாடும் கேமைவிட, அசையாத 30 மேல் என்று நினைக்கிறேன்.

விஆர்ஆர் இருக்கும் டிவியில் அந்த ஊசலாட்டம் பெருமளவு மறைந்துவிடும். கேம் ஃபிரேம் அனுப்பும் நேரத்துக்கு ஏற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5க்கு இது 2022இல் வந்தது. 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான் அங்கே வேலை செய்யும். 48க்குக் கீழே விழுந்தால் பழைய கதைதான்.

ஃபிரேமே கணக்காக இருக்கும் கேம்கள்

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' போன்ற சண்டை கேம்களில் போட்டி 60இல் நிலையாக நிற்கிறது. கூட்டினால் நல்லது என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஏனென்றால் அங்கே ஃபிரேம்தான் அளவுகோல். லேசான குத்து ஒன்று கிளம்ப 4 ஃபிரேம் ஆகிறது, அதாவது விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு. எதிராளியின் அடியைத் தடுத்ததும் யார் எத்தனை ஃபிரேம் முன்னால் இருக்கிறார் என்பதை மனதில் வைத்துத்தான் அடுத்த அடி. ஒரு ஃபிரேம் விழுந்தாலும் மனப்பாடமான தாளம் தவறிவிடும்.

ஓட்டமும் விதியும் பின்னிக்கிடப்பதற்கு இன்னும் பழைய உதாரணம் உண்டு. 1978இல் டைட்டோ வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில், வேற்றுக்கிரகவாசிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். அந்தக் காலத்து வன்பொருளில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் வேகம் தானாகக் கூடியது. அதை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார். அந்தப் படபடப்புதான் கேமின் உயிரானது. எதிர்ப்பக்க உதாரணம் 'டார்க் சோல்ஸ் 2'. 2014இல் கணினியில் அதை 60இல் ஆடியவர்களுக்கு ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகமாகத் தேய்ந்தன. தேய்மானத்தை நேரத்தில் எண்ணாமல் ஃபிரேமில் எண்ணியிருந்தார்கள். அடுத்த ஆண்டுதான் அது சரியானது.

60க்கு மேலே

30இலிருந்து 60க்குப் போனால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவிநாடி லாபம். 60இலிருந்து 120க்குப் போனால் 8.3. 120இலிருந்து 240க்குப் போனால் 4.2. செலவு ஏறிக்கொண்டே போகிறது, லாபம் பாதி பாதியாகக் குறைகிறது.

துப்பாக்கிச் சண்டை கேமான 'கவுன்டர் ஸ்டிரைக் 2'ஐத் தீவிரமாக ஆடுபவருக்கு அந்த 4.2கூட வீண் அல்ல. மூலையிலிருந்து எதிராளி எட்டிப்பார்க்கும் கணத்தில் யார் திரையில் முதலில் உருவம் தெரிகிறதோ அவருக்கே வாய்ப்பு. அதனால்தான் போட்டி மேடைகளில் 240க்கும் மேற்பட்ட ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் இருக்கின்றன. வாரம் நான்கு மணி நேரம் கதை கேம் ஆடுபவர் அதே பணத்தை எஸ்எஸ்டிக்கோ நல்ல ஹெட்செட்டுக்கோ கொடுக்கலாம். 120 பழகியவர்களுக்கு 60 மந்தமாகத் தெரியும் என்பது உண்மைதான், எனக்கும் தெரிகிறது. ஆனால் 60இலிருந்து 30க்கு இறங்கும்போது ஏற்படும் சங்கடத்தில் கால்பங்குகூட அதில் இல்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்கள் எனக்குக் கவலை தருவது ஃபிரேம் ஜெனரேஷன் விஷயத்தில். 2022இல் கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 நுட்பம் இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே உருவாக்கிச் செருகியது. 2025இல் டிஎல்எஸ்எஸ் 4 மூன்று வரை செருகுகிறது. ஆக 30 நிஜ ஃபிரேம் 120 ஆகத் தெரியும். கண்ணுக்கு வழுவழுப்பு, கைக்கு அதே 30. நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமென்றால் அடுத்த நிஜ ஃபிரேமைக் கொஞ்சம் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது, அதனால் தாமதம் சற்றுக் கூடவும் செய்யும். நிஜமாக 60 வரும் கணினியில் இதைப் போட்டு 120 திரையை நிறைப்பது நல்ல வசதி, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் 2025இல் வந்த 'மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ்' தன் பரிந்துரைக்கும் கணினி அளவிலேயே 60ஐ எட்ட ஃபிரேம் ஜெனரேஷனைச் சேர்த்துக்கொண்டது. வாங்குபவருக்கு இது நியாயம் இல்லை. 60 என்று எழுதினால் கை உணரும் 60 ஆக இருக்க வேண்டும்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. டிவியில் 'கேம் மோட்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம், 30க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தையே விழுங்கிவிடக்கூடும்.

கைபேசியில்

நம்மில் அதிகம் பேர் ஆடுவது ஃபோனில்தான். பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆடுபவர்களுக்கு 'ஸ்மூத் பிளஸ் எக்ஸ்ட்ரீம்' என்றால் விளக்கவே தேவையில்லை: கிராஃபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி ஃபிரேமை 60க்கு ஏற்றுவது. பிளேஸ்டேஷனில் முக்கால்வாசிப் பேர் எடுக்கும் அதே முடிவை இவர்களும் எடுத்திருக்கிறார்கள். இப்போது சில ஃபோன்களில் 90, 120 எல்லாம் உண்டு. இங்கே எண்ணுக்கு எதிரி ஃபோனின் சூடு.

அதே அக்கா மகன் மே மாதம் மதிய வேளையில் 90இல் ஆடிக்கொண்டிருந்தான். முதல் மேட்ச் அருமை. இரண்டாவது மேட்சின் பாதியில் ஃபோன் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, திரை திக்கித் திக்கி நகர்ந்தது. "நெட் லேக் மாமா" என்றான். ஆனால் மூலையில் நெட்டின் தாமதத்தைக் காட்டும் பிங் பச்சையாக, 40 சொச்சத்தில் இருந்தது. ஃபிரேம் கவுன்டரைப் போட்டுப் பார்த்தால் 52, 47, 58 என்று குதித்தது. சூட்டைத் தாங்காமல் சிப் தன்னையே மெதுவாக்கிக்கொண்டிருந்தது.

60க்கு இறக்கினோம். சார்ஜரைப் பிடுங்கி, பின்னட்டையையும் கழற்றினோம். மூன்று மேட்ச் ஆடினான். கவுன்டர் 59க்குக் கீழே இறங்கவில்லை. ஸ்ப்ரே அடிக்கும்போது, அதாவது தொடர்ந்து சுடும்போது, ரீகாயிலால் மேலே ஏறும் குறியைக் கீழே இழுக்க ஃபோனைச் சாய்ப்பது முதல் மேட்சிலும் கடைசி மேட்சிலும் ஒரே அளவாக இருக்கிறது என்று அவனே சொன்னான்.