லிபிய மணலா, நெவாடா ஏரித்தரையா, மழைக்காடா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊரில் துணைக்கோள் படத்தில் செம்பனை வெளுத்துத் தெரிந்தால், உரம் போதவில்லையா, நோயா என்றுதான் கேட்போம். மேலே சுற்றும் துணைக்கோளின் உணரியே மங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எளிதில் வருவதில்லை. விண்வெளிக் கதிர்வீச்சில் உணரிகள் ஆண்டுக்காண்டு தளர்கின்றன. மேலே போய்ப் பழுது பார்க்க முடியாது. அதனால் மாறாத நிலம் ஒன்றைப் பார்க்க வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

லிபியப் பாலைவனத்தில் லிபியா-4 என்ற இடம் மணற்கடல். மழை அரிது, ஆள் நடமாட்டம் இல்லை, மேகமும் குறைவு. லேண்ட்சாட் என்ற அமெரிக்கத் துணைக்கோள்களின் பழைய படங்களைக்கூட அந்த மணலை வைத்துத் திருத்தலாம். ஆனால் தரையில் நின்று அளக்க அங்கே யாரும் இல்லை. உணரி மாறியதா என்று அந்த மணல் சொல்லும். சரியான அளவு எது என்று சொல்லாது.

அதைச் சொல்ல அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரெயில்ரோட் வேலி இருக்கிறது. வறண்ட ஏரித்தரையில் கருவிகள் நிற்கின்றன. பகலில் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தரையின் எதிரொளிப்பும் காற்றின் நிலையும் பதிவாகின்றன. மழை பெய்தால் தரை கறுத்துவிடும், அதுதான் குறை. லித்தியத்துக்காக அந்த நிலத்தின் மீதும் கண் விழுந்தது; நாசா கேட்டுக்கொண்டதால் 2023இல் அமெரிக்க அரசு அதைச் சுரங்கத்திலிருந்து விலக்கி வைத்தது. வீடமைப்புக்குத் தோட்டம் கைமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல.

அண்டார்டிகாவின் டோம்-சி என்ற உயர்பரப்பின் பனி வெண்மையானது, சீரானது. ஆனால் குளிர்காலம் முழுக்க இருட்டு.

மறுநடவு வரை ஏறத்தாழ 25 ஆண்டு நிற்கும் மரத்தைக் கவனிப்பவருக்கு லிபியாவே முக்கியம் என்பேன். அந்தக் கவனிப்பில் சரியான அளவைவிடத் தொடர்ச்சி பெரிது.

மழைக்காடு ஒளி உணரிக்கு உதவாது, எப்போதும் மேகம். ரேடாருக்கோ கதை தலைகீழ். அடர்ந்த இலைத்திரள் அலைகளை ஏறத்தாழ ஒரே சீராகத் திருப்புவதால், 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பிய ரேடார் துணைக்கோள் சென்டினல்-1 அமேசான் காட்டை வைத்துச் சரிபார்க்கப்படுகிறது. நம் தித்திவாங்சா மலைக்காடு அதற்குத் தோதல்ல, சரிவுகள் அதிகம். செம்பனைத் தோட்டமும் ஆகாது: நிரை பிடித்த நடவு, வயதுக்கு வயது மாறும் உருவம்.

பேராக் மேகத்தை ரேடார் ஊடுருவும். ஆனால் அது இலையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. மரத்தின் அமைப்பையும் ஈரத்தையும்தான் உணரும். மரம் வெளுத்ததா என்று கேட்டால், மேகம் விலகிய நாளின் ஒளிப்படத்தையும் லிபிய மணலையும்தான் நாட வேண்டும்.