கோத்தகிரி ஆபீஸில் ரிமோட் டெஸ்க்டாப்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்த அனுமதிச் சிக்கல்கள்

குஞ்சப்பனைப் பக்கம் மண் சரிந்து சாலை அடைபட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் கணக்கர் கீழேயே நின்றுவிடுவார். தேயிலை ஃபேக்டரிக்குப் பச்சை இலை வருவது மட்டும் நிற்காது. விவசாயிகள் பேருக்கு எடை ஏற வேண்டும், பட்டுவாடாக் கணக்கு முடிய வேண்டும். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் சின்ன ஆபீஸ்கள்கூட, ஆபீஸ் கம்ப்யூட்டரை வேறு இடத்திலிருந்து இயக்க உதவும், விண்டோஸ் ப்ரோவில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப்பை நம்பி இருப்பது இதனால்தான்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெட் இழுவையாக இருக்கும் நாளில், ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் திரையின் எக்ஸ்பீரியன்ஸ் டேபில் வால்பேப்பரை நிறுத்தி, டிஸ்ப்ளே டேபில் நிறத்தை 16 பிட்டுக்குக் குறைத்தால் டேலி கணக்கு சாஃப்ட்வேர் திரை தாராளமாக ஓடும். ஆட்களின் பொழுது வீணாவது லாகின் அனுமதியில்தான்.

பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே நின்றுவிட்டதா, கொடுத்த பிறகு மறுத்ததா என்று முதலில் பாருங்கள். கேட்கவே இல்லையென்றால் அது அனுமதிப் பிரச்சினை அல்ல. கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது, விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) ஏறவில்லை, ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப் வரும் வழியான 3389 போர்ட் மூடியிருக்கிறது, அல்லது அங்கே இருப்பது விண்டோஸ் ஹோம். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே போகலாம்; வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது. இதற்காக செட்டிங்ஸைக் குடைவதில் பயனில்லை, ப்ரோவுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு 'நாட் ஆதரைஸ்டு ஃபார் ரிமோட் லாகின்' என்று வந்தால் அந்த யூசருக்கு உரிமை இல்லை. அட்மின்களுக்கு அது தானாகவே உண்டு. மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் கீழே உள்ள ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸில் பெயரைச் சேர்த்தால் போதும். அவசரத்துக்கு அந்த ஆளை அட்மின் ஆக்கிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். கணக்கு எழுதுபவரின் பாஸ்வேர்ட் ஒரு நாள் கசிந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் கைவிட்டுப் போகும்.

சேர்த்த பிறகும் அதே செய்தி வந்தால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறந்து, லோக்கல் பாலிசீஸுக்குள் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் போங்கள். 'அலவ் லாக் ஆன் த்ரூ ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' வரியில் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குரூப் இருக்க வேண்டும். அதற்கு இணையான 'டினை' (மறுப்பு) வரியையும் பாருங்கள். இரண்டிலும் பெயர் இருந்தால் டினைதான் செல்லும். முன்பு யாரோ பாதுகாப்புக்காக 'லோக்கல் அக்கவுன்ட்' என்று டினையில் போட்டுவைத்திருந்தால் எந்த லோக்கல் யூசரும் நுழைய முடியாது, அட்மின் உட்பட. என்எல்ஏ (திரை திறக்கும் முன்பே ஆளைச் சரிபார்க்கும் முறை) இயங்கும்போது 'ஆக்சஸ் திஸ் கம்ப்யூட்டர் ஃப்ரம் தி நெட்வொர்க்' உரிமையும் தேவை. பலர் விட்டுவிடும் வரி அது.

ஊகித்து ஊகித்து மாற்றுவதைவிட ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக்கைப் படிப்பதே சரியான வழி. தோற்ற லாகின் எண் 4625. அது பதிவாகவே இல்லையென்றால் ஆடிட் பாலிசியில் லாகான் ஃபெயிலியரை டிக் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். உள்ளே ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ் இரண்டின் கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். 6ஏ என்றால் பாஸ்வேர்ட் தப்பு. 64 என்றால் அந்தப் பெயரில் யூசரே இல்லை. 72, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 234, பூட்டிக்கொண்டது. 15பி வந்தால்தான் மேலே சொன்ன உரிமைப் பிரச்சினை. 71 அல்லது 224 என்றால் பாஸ்வேர்ட் காலாவதி, அல்லது மாற்றியே ஆக வேண்டிய நிலை. என்எல்ஏ இருக்கையில் தொலைவிலிருந்து அதை மாற்ற வழி கிடைக்காது. கம்ப்யூட்டர் முன்னால் ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

6ஏ-க்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பின் நம்பர். ஆபீஸில் தினமும் நாலு இலக்கம் தட்டித் திறப்பவர் அதையே இங்கேயும் தட்டுவார். ரிமோட்டில் பின் செல்லாது, முழுப் பாஸ்வேர்ட்தான். மைக்ரோசாஃப்ட் கணக்காக இருந்தால் சைன்-இன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஹலோ (பின், முகம், கைரேகை) மட்டும் என்ற பட்டனை அணைத்து, அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டுத் திறந்துவிடுங்கள். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் ரிமோட்டில் விடாது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள், பாஸ்வேர்ட் வையுங்கள்.

234 அடிக்கடி வந்தால் இரண்டு இடம் பாருங்கள். 2022-இல் வந்த விண்டோஸ் 11 22எச்2 முதல், புதிதாகப் போட்ட கம்ப்யூட்டரில் 10 முறை தவறினால் 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். முதலில், நீங்கள் இணையும் லேப்டாப்பில் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடன்ஷியல் மேனேஜரில் 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கும் பதிவில் பழைய பாஸ்வேர்ட் தங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் அதுவே போய்த் தவறும், நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டரில் 3389-ஐ வெளியுலகுக்குத் திறந்துவைத்திருப்பீர்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் ராப்பகலாகத் தட்டிக்கொண்டிருக்க, சரியான பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் வெளியே நிற்பார். அந்த போர்ட்டை மூடி, வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக மட்டும் வாருங்கள்.

மலையில் கூடுதலாக ஒன்று. கரண்ட் அடிக்கடி போகும் ஆபீஸில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கம்ப்யூட்டர் திரும்ப எழும்போது தேதி பின்னால் போயிருக்கும். அப்போது நேர வித்தியாசம் என்று சொல்லி இணைப்பு மறுக்கப்படும். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே சர்வர் நிர்வகிக்கும் டொமைன் இருந்தால் 5 நிமிட வேறுபாடே போதும். விலை மலிவான பேட்டரி, மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வையுங்கள்.

உண்மையான குறை, ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும் என்பது. வேறு யூசர் உள்ளே இருக்கும்போது நுழைந்தால் அவரிடம் கேட்கும். சுமார் 30 விநாடிக்குள் அவர் மறுக்காவிட்டால் நீங்கள் உள்ளே, அவர் வெளியே. அவர் திறந்த வேலை பின்னால் அப்படியே இருக்கும். ஆபீஸில் இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே யூசர் பெயரில் வந்தால் இந்தக் கேள்வியும் வராது, மாறி மாறி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். 'லாகின் நிற்கவே மாட்டேங்குது' என்று வரும் புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதை. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள், யார் எந்த நேரம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.