ஜிபிஎஸ் மாட்யூலில் மெமரி: நியோ-6எம், நியோ-எம்8என், அப்புறம் லாக் எழுதும் இடம்

ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் நினைவில் வைத்திருக்க வேண்டிய தகவல் மிகவும் கொஞ்சம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசுகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பாதையைச் சொல்லும் ஆல்மனாக் உட்பட, அதன் முழுச் செய்தியும் 37,500 பிட். பைட் கணக்கில் 5 கேபிகூட வராது. ஆனால் அதை வானத்திலிருந்து முழுதாக வாங்கி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன்னுடைய துல்லியமான பாதையை, அதாவது எஃபமரிஸை, 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. நடுவில் மேம்பாலமோ அடர்ந்த மரமோ மறைத்தால் விட்டுப்போன பகுதிக்காக அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் மாட்யூல் வாங்கும்போது மெமரி எவ்வளவு என்று பார்ப்பதைவிட, கரன்ட் போனதும் அந்த 5 கேபி என்ன ஆகும் என்று பாருங்கள். வண்டி போகும் பாதையைப் பதியும் டிராக்கர் செய்யும் நம்மைப் போன்றவர்களிடம் அதிகம் புழங்கும், யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் இரண்டு மாட்யூல்கள் பிரிவதும் இந்த இடத்தில்தான்.

நியோ-6எம் பழையது. இதன் ஃபர்ம்வேர், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், ரோம் என்ற நிரந்தர மெமரியில் இருக்கிறது, மாற்ற முடியாது. எஃபமரிஸ், ஆல்மனாக், கடைசியாக நின்ற இடம் எல்லாம் பேட்டரி தாங்கும் ஒரு சின்ன ரேமில் இருக்கும். அதே பேட்டரிதான் உள்ளே இருக்கும் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. பேட்டரி உயிரோடு இருந்து, அணைத்துச் சில மணி நேரத்துக்குள் திரும்பப் போட்டால் 1 நொடியில் இடம் காட்டிவிடும். பேட்டரி செத்திருந்தால், திறந்த வானத்திலும் 27 நொடி.

நியோ-எம்8என் உள்ளே ஃப்ளாஷ் மெமரி உண்டு. நாம் மாற்றிய செட்டிங்குகள் பேட்டரி இல்லாமலே அதில் நிலைக்கும். ஃபர்ம்வேரையும் புதுப்பிக்கலாம். இது எவ்வளவு பெரிய வசதி என்பதற்குக் கலிலியோதான் சாட்சி. எம்8 தலைமுறைக்கு 3.01 ஃபர்ம்வேர் வந்தபோது, ஃப்ளாஷ் உள்ளவர்கள் அதை ஏற்றி ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களையும் பிடிக்கத் தொடங்கினார்கள். அதே தலைமுறையில் பழைய ரோமோடு வாங்கியவர்களுக்கு அந்த வழி இல்லை. 35 நாள் வரைக்குமான பாதைக் கணிப்புகளை முன்கூட்டியே இறக்கி இந்த ஃப்ளாஷில் வைத்துக்கொள்ளவும் முடியும்.

இதைப் படித்ததும், எம்8என் வாங்கினால் பேட்டரி தேவையில்லை என்று தோன்றும். நானும் அப்படித்தான் நம்பினேன். ஃப்ளாஷ் எதை வேண்டுமானாலும் வைத்திருக்கும், நேரத்தை மட்டும் வைத்திருக்காது. இப்போது மணி என்ன என்று தெரியாத ரிசீவருக்கு, கையில் இருக்கும் எஃபமரிஸ் இன்னும் செல்லுமா என்றே தெரியாது. எஃபமரிஸின் ஆயுளும் சுமார் 4 மணி நேரம்தான். ஆக, காலையில் அணைத்து மதியம் போடும் வண்டிக்கு ஃப்ளாஷைவிட அந்தச் சின்னப் பேட்டரிதான் முக்கியம். எந்த மாட்யூலாக இருந்தாலும் அதன் பேக்கப் பின் என்ற இணைப்புக் காலுக்கு நல்ல பேட்டரி கொடுங்கள். பல பலகைகளில் இருக்கும் ரீசார்ஜ் பேட்டரி 5.5 மில்லி ஆம்பியர்-மணி அளவுதான். பேக்கப்புக்கு 20 மைக்ரோ ஆம்பியர் போகிறது என்று வைத்தால் கணக்குப்படி 11 நாள் வரும். அதுவும் அது முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. ரிசீவர் மறந்தால் மறக்கட்டும், பக்கத்தில் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் (ஆர்டுயினோ போன்ற பலகையில் இருக்கும் சின்னக் கணினிச் சிப்) நினைவில் வைத்துக்கொள்ளட்டும். அணைக்கும் முன் ரிசீவரின் தகவல் கிடங்கைக் கேட்டு வாங்கிச் சேமித்து, அடுத்த முறை நேரத்தோடு சேர்த்துத் திருப்பி ஊட்டுவது. சில கேபி இடமும், டிஎஸ்3231 போன்ற ஒரு கடிகாரச் சிப்பும் போதும். புரோகிராம் எழுதும் வேலை கூடும். ஆனால் ரோம் மாட்யூலை வைத்துக்கொண்டே ஃப்ளாஷ் மாட்யூலின் பாதிப் பலனைப் பெறலாம்.

எம்8என் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பெயரில் விற்கும் பலகைகள் எல்லாவற்றிலும் ஃப்ளாஷ் இருப்பதில்லை. யூ-பிளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளில் பதிப்புத் தகவலைக் கேளுங்கள். 3.01 எண்ணுக்கு முன்னால் 'இஎக்ஸ்டி கோர்' என்று வந்தால் ஃபர்ம்வேர் ஃப்ளாஷிலிருந்து ஓடுகிறது. 'ரோம் கோர்' என்று வந்தால் விற்றவரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

சரி, ரிசீவர் தன் நினைவைப் பார்த்துக்கொள்ளும். நாம் போன பாதையை எங்கே எழுதுவது?

முதலில் எவ்வளவு வரும் என்று பார்ப்போம். ரிசீவர் 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட் அனுப்பினால், ஒரு பைட்டுக்கு 10 பிட் போக, நொடிக்கு அதிகபட்சம் 960 பைட் வரும். வருவதை எல்லாம் அப்படியே எழுதினால் ஒரு நாளைக்கு 83 எம்பி வரை போகலாம். ரிசீவர் எழுத்தாக அனுப்பும் என்எம்இஏ வரிகளில் இரண்டே போதும் என்று நிறுத்தினால் 13 எம்பி. நேரம், அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தலா 4 பைட், வேகம், உயரத்துக்குத் தலா 2 பைட் என்று பைனரியில் 16 பைட்டாக எழுதினால் வெறும் 1.4 எம்பி. பெரிய கார்டு வாங்குவதற்கு முன் எழுதும் முறையை மாற்றிப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. 4 பைட் என்றதும் ஃப்ளோட்டில் (புரோகிராமில் தசம எண்ணை வைக்கும் வகை) போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டின் தீர்க்கரேகை 76 முதல் 80 டிகிரி. 64-க்கும் 128-க்கும் இடைப்பட்ட எண்களில் ஃப்ளோட் எடுத்து வைக்கும் ஒவ்வொரு படியும் தரையில் சுமார் 83 செ.மீ. அட்சரேகை 8-க்கு மேல், 16-க்குக் கீழ் என்பதால் அங்கே படி 10 செ.மீ.தான். வடக்கு தெற்கில் வழவழவென்று போகும் கோடு கிழக்கு மேற்கில் படிக்கட்டாகத் தெரிய இதுதான் காரணம். ஆர்டுயினோ ஊனோ பலகையில், இன்னும் நுணுக்கமாக இருக்கட்டும் என்று டபுள் வகையை எழுதினாலும் அது 4 பைட் ஃப்ளோட்தான். டிகிரியை ஒரு கோடியால் பெருக்கி முழு எண்ணாக வையுங்கள். அதே 4 பைட்டில் 1 செ.மீ. நுணுக்கம் கிடைக்கும்.

இப்போது இடங்கள். எஸ்டி கார்டு தாராளமாக இடம் தரும், கழற்றிக் கணினியில் செருகலாம். ஆனால் ஊனோவின் மொத்த ரேம் 2 கேபி, கார்டு லைப்ரரியின் பஃபருக்கே (தகவலைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) 512 பைட் போய்விடும். அதைவிடப் பெரிய தொல்லை, கார்டு எழுதும்போது சில நேரம் 100 மில்லி நொடிக்கு மேல் நின்றுவிடும். ரிசீவர் அனுப்புவதை வாங்கும் சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியின் 64 பைட் பஃபர் 9600 பாட்டில் 67 மில்லி நொடியில் நிறைந்துவிடும். அதற்கு மேல் வருவதெல்லாம் கீழே சிந்தும்.

கொடைக்கானல் மலைப்பாதை முழுவதையும் பதிவு செய்துவிட்டு வீட்டில் கார்டைச் செருகினால், கோப்பின் அளவு பூஜ்ஜியம் என்று காட்டியது. கோப்பை மூடும் முன் சாவியைத் திருகி அணைத்துவிட்டேன். எழுதிய தகவல் கார்டில் இருந்தாலும், கோப்பின் அளவு பட்டியலில் ஏறவில்லை. அந்தப் பயணம் போனது போனதுதான். 30 நொடிக்கு ஒருமுறை ஃப்ளஷ் செய்திருந்தால், அதாவது அதுவரை எழுதியதைப் பட்டியலிலும் ஏற்றியிருந்தால், கடைசி அரை நிமிடம் மட்டும் போயிருக்கும்.

டபிள்யூ25கியூ64 போன்ற 8 எம்பி ஃப்ளாஷ் சிப்பில் கோப்பும் இல்லை, பட்டியலும் இல்லை. 16 பைட் பதிவுகள் 5,24,288 அடங்கும், நொடிக்கு ஒன்று என்றால் 6 நாள். கரன்ட் எப்போது போனாலும் கடைசிப் பதிவு ஒன்றுதான் ஆபத்தில் இருக்கும். 4 கேபி பகுதிகளாக முன்கூட்டியே அழித்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எஃப்ரேம் என்ற இன்னொரு வகை மெமரிச் சிப் இன்னும் அருமையானது. அழிக்கத் தேவையில்லை, ஒரு லட்சம் கோடி முறை எழுதலாம். ஆனால் 32 கேபி சிப்பில் 2,048 பதிவுதான் அடங்கும், நொடிக்கு ஒன்று என்றால் 34 நிமிடத்தில் நிறைந்துவிடும். கடைசி இடத்தை மட்டும் வைக்க இதற்கு நிகரில்லை. அந்த வேலைக்கு ஊனோவுக்குள்ளேயே இருக்கும் ஈப்ராம் மெமரியைப் பிடிக்காதீர்கள். ஒரே இடத்தில் நொடிக்கு ஒருமுறை எழுதினால் அதன் 1,00,000 முறை ஆயுள் 28 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

என் வண்டியில் இப்போது ஓடுவது எம்8என், தனியாக ஒரு காயின் செல், டபிள்யூ25கியூ64. கார்டைக் கழற்றி விட்டேன். கார்டில் இருந்த ஒரு சௌகரியத்தை இழந்தது உண்மை. சிப்பில் இருப்பதைச் சீரியல் வழியே இறக்க வேண்டும். நிறைந்த சிப்பை 1,15,200 பாட்டில் இறக்க 12 நிமிடம் ஆனது. 9,21,600-க்கு ஏற்றியபின் ஒன்றரை நிமிடம்.